வஸ்குலர் சேர்ஜரி படிக்க ஆசை, எந்த வழியால் போவது?

சங்குப்பூ:

எல்லோருக்கும் வணக்கம். யாழ் மருத்துவ பீடத்தில் படித்தேன், இன்டர்ன்ஷிப்பும் முடிந்து இப்போது வன்னிப் பக்கம் ஓர் ஆதார வைத்தியசாலையில் வேலை. வஸ்குலர் சேர்ஜன் ஆக வேண்டும் என்ற பிடிவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. வீட்டில் அது என்ன துறை என்று விளங்கப்படுத்தவே முடியவில்லை. "குருதிக்கலன் சத்திரசிகிச்சை" என்றால் அம்மா "அப்ப நரம்பு டொக்டரோ?" என்கிறார். ஓம் என்று விட்டுவிட்டேன்.

எப்படிப் பிடித்தது என்று சொன்னால் சிரிக்காதீர்கள். இன்டர்ன் காலத்தில் ஓர் இரவு மோட்டார் சைக்கிளில் விழுந்த பெடியன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள், பத்தொன்பது இருபது வயதுதான் இருக்கும். முழங்கால் விலகியிருந்தது, பாதம் வெளிறிக் குளிர்ந்து கிடந்தது, முழங்காலுக்குப் பின்னால் போகும் நாடி கிழிந்திருந்தது. சேர் மற்றக் காலிலிருந்து ஒரு துண்டு நாளத்தை எடுத்து, வால்வுகள் இரத்தத்தை மறிக்காமல் இருக்கத் தலைகீழாகத் திருப்பி, இரண்டு முனையிலும் தைத்தார். என் வேலை டொப்ளர் (இரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்க வைக்கும் கருவி) புரோபைப் பாதத்தின் மேல் பிடித்துக்கொண்டு நிற்பது, அவ்வளவுதான். கிளாம்பை எடுத்தபோது முதலில் வெறும் இரைச்சல். கொஞ்சம் பொறுத்து "உஷ்க்... உஷ்க்" என்று வந்தது. விடிய மூன்றரை மணி, தியேட்டரில் ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை, அவனுடைய பெருவிரலில் நிறம் ஊறி வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை.

இப்போது கேள்வி. பிஜிஐஎம்மில் (இங்குள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவனம்) எம்டி சேர்ஜரி செய்து அந்த வழியால் போவதா, எம்ஆர்சிஎஸ் என்ற பிரிட்டிஷ் சேர்ஜரிச் சோதனை எழுதிப் பிரிட்டனுக்குப் போவதா, இல்லை இந்தியாவில் எம்சிஎச் (சேர்ஜரி உயர்பட்டம்) மாதிரி ஏதாவது கிடைக்குமா? என்னுடைய நிலையில் இருப்பவர்களுக்கு ஃபெலோஷிப் (மேற்பயிற்சி) என்று இணையத்தில் நூறு விளம்பரம் வருகிறது, எதை நம்புவது? இன்னொன்று, எண்டோவஸ்குலர் (வெட்டித் திறக்காமல் குருதிக்கலனுக்குள் குழாய் விட்டுச் செய்யும் சிகிச்சை) என்றால் எக்ஸ்ரேக்குக் கீழேதான் வாழ்க்கை, பெண்களுக்கு அது சரிவராது என்று என் பட்ச் பெடியன் ஒருவன் சொன்னான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனங்கூடல்:

தங்கச்சி, நான் பிஜிஐஎம் வழியில் பாதிக்கு மேல் நடந்தவன், ஆகவே என் பக்கம் கொஞ்சம் சாய்வாகத்தான் இருக்கும்.

இங்கே இந்தத் துறை பெரும்பாலும் தனி வஸ்குலராக இருப்பதில்லை, வஸ்குலரும் உறுப்பு மாற்றமும் சேர்ந்துதான் வரும். காலுக்கு பைபாஸ் செய்கிற அதே ஆள் சிறுநீரகமும் பொருத்துவார். வெளியே இருந்து பார்த்தால் விசித்திரம், உள்ளே வந்தால் நியாயம், ஏனென்றால் சிறுநீரகம் பொருத்துவது என்பது கடைசியில் ஒரு நாடியையும் ஒரு நாளத்தையும் தைப்பதுதான் (சிறுநீர்க்குழாயும் இருக்கிறது, யூரோலஜிக்காரர் சண்டைக்கு வர வேண்டாம்). 1912இல் அலெக்சிஸ் கரெலுக்கு நோபல் பரிசு கொடுத்தபோதும் இரண்டையும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்த மனிதர் லியோன் நகரில் பூவேலைக்காரி ஒருவரிடம் தையல் பழகித்தான் குருதிக்கலன் தைக்கத் தொடங்கினார் என்பார்கள். உன் அம்மாவுக்குத் தையல் தெரிந்தால் அவருக்கு இந்தக் கதையைச் சொல்லு, நரம்பு டொக்டரை விட லேசாக விளங்கும்.

பாதை இதுதான்: எம்டி சேர்ஜரி முதல் பகுதிச் சோதனை, பாஸானால் ரெஜிஸ்ட்ராராக ஒவ்வொரு யூனிட்டாகச் சுற்றுவாய், பிறகு இரண்டாம் பகுதி, அதற்குப் பிறகு சீனியர் ரெஜிஸ்ட்ரார், அதற்குள் ஒரு வெளிநாட்டுப் பயிற்சி, கடைசியில் போர்ட் சேர்ட்டிபிகேஷன், அதாவது நிபுணர் என்ற அங்கீகாரம். எங்கும் சறுக்காமல் போனாலும் ஏழெட்டு வருடம் என்று மனதில் வைத்துக்கொள். துணைத் துறைக்குப் பிரியும் விதிமுறை மாறக்கூடியது, ஆகவே நீ சேரும் ஆண்டின் புரொஸ்பெக்டஸை எடுத்து வாசி, ஐந்து வருடத்துக்கு முன் படித்த அண்ணாமார் சொல்வதை வைத்துத் திட்டம் போடாதே, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த வெளிநாட்டுப் பயிற்சிதான் உண்மையில் உன்னுடைய ஃபெலோஷிப். பொண்ட் எழுதிவிட்டுப் போக வேண்டும், வந்து சேவை செய்ய வேண்டும், ஆனால் போகும்போது நீ முழுச் சேர்ஜன். பிரிட்டனுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போய் நின்றால் கையில் கத்தி தருவார்கள். இப்போதே ஓடினால் வாட்டில் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதலாம். அதுவும் ஒரு படிப்புத்தான், இல்லை என்று சொல்லவில்லை.

லண்டன் குளிர்:

டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுகிற ஆள் வந்திருக்கிறேன் :) பனங்கூடல் அண்ணா சொன்னதில் பாதி சரி.

இங்கே வஸ்குலர் 2012இல்தான் தனித்துறையானது, அதற்கு முதல் ஜெனரல் சேர்ஜரிக்குள் ஒரு கிளை. பயிற்சி எஸ்டி3இலிருந்து எஸ்டி8 வரை (சிறப்புப் பயிற்சியின் மூன்றாம் படியிலிருந்து எட்டாம் படி வரை), நாடு முழுக்க ஒரே தெரிவு, முடிவில் எஃப்ஆர்சிஎஸ் சோதனை. ஜிஎம்சி (இங்குள்ள மருத்துவ கவுன்சில்) பதிவுக்குப் பிளாப் என்ற சோதனை எழுதலாம், அல்லது எம்ஆர்சிஎஸ் முழுவதும் முடித்திருந்தால் அதையே காட்டலாம். ஆங்கிலத்துக்கு ஐஈஎல்டிஎஸ் மொத்தம் 7.5, ஒவ்வொரு பகுதியிலும் 7க்குக் குறையக் கூடாது. எம்ஆர்சிஎஸ் முதல் பகுதி ஒரே நாளில் 300 கேள்வி, ஐந்து மணித்தியாலம். எம்டி முதல் பகுதிக்குப் படிக்கும் அனாட்டமியும் பிசியோலொஜியும் இதற்கும் பெரும்பாலும் உதவும், ஆகவே இரண்டில் ஒன்று என்று இப்போதே முடிவெடுக்கத் தேவையில்லை. படிக்கிற மேசை ஒன்றுதான். காசுதான் வேறு. 2022இல் ரூபாய் விழுந்தபோது பவுணில் சோதனைக் காசு கட்டினவள் நான், அந்த ரசீதை இன்னும் வைத்திருக்கிறேன், கோபம் வரும்போது எடுத்துப் பார்ப்பேன்.

ஆனால் எஸ்டி3 இடத்தை மட்டும் நம்பி வராதே. 2025இல் இங்கிலாந்து அரசாங்கம் வெளியிட்ட 10 ஆண்டுச் சுகாதாரத் திட்டத்திலேயே, சிறப்புப் பயிற்சி இடங்களில் இங்கே படித்தவர்களுக்கும் என்எச்எஸ்ஸில் (இங்குள்ள அரச சுகாதார சேவை) கணிசமான காலம் வேலை செய்தவர்களுக்கும் முன்னுரிமை என்று எழுதிவிட்டார்கள். புதிதாக விமானம் ஏறி வருகிறவருக்குக் கதவு ஒடுங்கிவிட்டது. மிஞ்சுவது இரண்டு. ஒன்று கிளினிக்கல் ஃபெலோ என்று வைத்தியசாலையே எடுக்கும் வேலை, அது பயிற்சி இடம் இல்லை, பெயரைப் பார்த்து ஏமாறாதே, சில இடத்தில் தியேட்டருக்கு விடுவார்கள், சில இடத்தில் வாட்டைத் தாண்ட முடியாது. மற்றது எம்டிஐ என்ற திட்டம், 24 மாதம் வரை, முடிந்ததும் திரும்பிவிட வேண்டும். அது ஊரில் பயிற்சியில் இருப்பவர்களுக்காகவே செய்தது, ஆகவே அண்ணாவின் பாதைக்கும் இதற்கும் சண்டை இல்லை, எம்டிக்குப் பிறகு இதால் வந்தவர்களும் இருக்கிறார்கள்.

அமெரிக்கா பற்றி ஒரே மூச்சில்: 2006 முதல் இரண்டு வழி, மருத்துவப் படிப்பு முடிந்ததும் நேரே ஐந்து வருட வஸ்குலர், அல்லது ஜெனரல் சேர்ஜரி ஐந்து முடித்துவிட்டு மேலே இரண்டு. அங்குள்ள மருத்துவ உரிமச் சோதனையான யூஎஸ்எம்எல்இ எழுத வேண்டும். ஜே1 விசாவில் போனால் முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும், அதற்கு விலக்குப் பெறுவது தனிக்கதை. நேரடி ஐந்து வருட இடங்கள் மிகக் குறைவு, வெளிநாட்டுப் பட்டதாரிக்கு இன்னும் குறைவு. ஆசை இருந்தால் செய், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்காதே.

பனங்கூடல்:

//மிஞ்சுவது இரண்டு//

இதைத்தானே தங்கச்சி நானும் சொன்னேன். போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, 2022க்குப் பிறகு என் பட்சிலேயே எத்தனை பேர் போனார்கள் என்று எனக்குத் தெரியும். முழுக்கப் பழகிவிட்டுப் போ என்கிறேன், அவ்வளவுதான்.

ஒருமுறை ஏமாந்தவன்:

ஃபெலோஷிப் விளம்பரம் பற்றிக் கேட்டீர்கள். என் பெயரைப் பார்த்தாலே விளங்கும்.

பக்கத்து நாட்டில் ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். ஆறு மாத எண்டோவஸ்குலர் ஃபெலோஷிப், சான்றிதழ் உண்டு, காசு முன்கூட்டியே. கடன் எடுத்துக் கட்டினேன். முதல் நாள் எக்ஸ்ரேயை மறிக்கும் ஈய ஏப்ரன் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றேன், கடைசி நாளும் அதே கதவோரம்தான். கதீட்டர் குழாயைத் தொட்டது மேசையைத் துடைக்கும்போது மட்டும். சான்றிதழில் மட்டும் "விரிவான செயல்முறை அனுபவம்" என்று தங்க எழுத்து. அதை ஊரில் ஒருவருக்கும் காட்டவில்லை, அலுமாரிக்குள் சேலைகளுக்குக் கீழே கிடக்கிறது.

பிறகுதான் படித்தேன், ஒப்சேர்வர்ஷிப் (பார்த்துக்கொண்டு மட்டும் நிற்பது) வேறு, ஃபெலோஷிப் வேறு. நோயாளியைத் தொட வேண்டுமென்றால் அந்த நாட்டு மருத்துவ கவுன்சிலில் தற்காலிகப் பதிவாவது வேண்டும். அதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தையும் கேட்காமல் காசை மட்டும் கேட்டால் நீங்கள் கதவோரம்தான். இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது: போன வருடம் இருந்த ஃபெலோவின் தொடர்பைக் கேளுங்கள், அவருடைய லொக்புக்கில் (செய்த கேஸ்களை எழுதும் பதிவேடு) எத்தனை கேஸ் முதல் ஆளாகச் செய்தது, எத்தனை உதவிக்கு நின்றது என்று அவரிடமே நேரே கேளுங்கள். தொடர்பு தர மறுத்தால் அதிலேயே பதில் இருக்கிறது.

இந்தியா முழுக்க இப்படி என்று நினைக்க வேண்டாம், அது அநியாயம். சென்னை மருத்துவக் கல்லூரியில் வஸ்குலருக்கென்றே தனித் துறை, எம்சிஎச் படிப்பு எல்லாம் இருக்கிறது. வேலூர் சிஎம்சியிலும் தனித் துறை இருக்கிறது. எம்சிஎச் மூன்று வருடம், எம்எஸ் (சேர்ஜரி முதுநிலைப் பட்டம்) முடித்தவர்களுக்கு, இந்தியர்கள் நீட் எஸ்எஸ் என்ற நுழைவுச் சோதனை எழுதித்தான் உள்ளே போகிறார்கள். ஆகவே உங்களுடைய இப்போதைய நிலையில் அது நேரடி வழி இல்லை. எம்டிக்குப் பிறகு சில மாதம் போய் நிற்பதற்கு நல்ல இடங்கள். அங்கே வருகிற நோயாளிகளும் நம்முடைய ஆட்கள் மாதிரித்தான், சலரோகக் கால், புகையிலை.

டயலிசிஸ் அக்கா:

நான் டொக்டர் இல்லை, தாதி. பல வருடமாக டயலிசிஸ் யூனிட்டில். கதைக்கலாமோ என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பிள்ளை, நீங்கள் நாடு நாடாகக் கணக்குப் பார்க்கிறீர்கள், சரி. எங்களுக்கு வேண்டிய ஆள் யார் என்றும் கொஞ்சம் கேளுங்கள். டயலிசிஸ் ஊசி ஏற்றத் தேவையான பிஸ்டுலா ஒன்றை நன்றாகப் போட்டுத் தருகிற ஆள். மணிக்கட்டில் நாடியையும் நாளத்தையும் இணைக்கிற அந்தச் சின்ன வேலை 1966இலிருந்து உலகம் முழுக்க நடக்கிறது, இன்றைக்கும் அதைவிட நல்லது வரவில்லை. நல்ல பிஸ்டுலா மேல் விரல் வைத்தால், தோட்டத்தில் வோட்டர் பம்ப் இறைக்கும்போது குழாயில் கை வைத்தால் வருமே ஒரு அதிர்வு, அப்படியே இருக்கும். காலையில் எழும்பியதும் அந்த அதிர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்லித்தான் ஒவ்வொருவருக்கும் பழக்குகிறோம். வெங்காயத் தோட்டக்கார ஐயா ஒருவர் ஒருநாள் விடியவே வந்து "பிள்ளை, பம்ப் நிண்டுட்டுது" என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. சிறுநீரகம் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்த ஆளுக்கும் வாட்டுகளில் முன்கை நாளத்தில் கனூலாவை (சேலைன் ஏற்றும் ஊசிக்குழாய்) குத்திக் குத்தி வைத்திருப்பார்கள், எந்த இடம் என்று சொல்லவில்லை, பல இடத்திலும் நடப்பதுதான். பிஸ்டுலா போட வரும்போது நாளம் கயிறு மாதிரி இறுகிப்போயிருக்கும். போட்டாலும் அது பாவிக்கத் தயாராக ஆறு வாரமாவது வேண்டும், அதுவரைக்கும் கழுத்தில் குழாய், பிறகு கிருமி. எழுதாத கையைக் காப்பாற்றுங்கள், கனூலா வேண்டுமென்றால் புறங்கையில் போடுங்கள். இதற்கு ஃபெலோஷிப் தேவையில்லை, இன்றைக்கு இரவு டியூட்டியிலேயே தொடங்கலாம்.

சங்குப்பூ:

அக்கா, நேற்று நானே ஒருவருக்கு முன்கையில்தான் போட்டேன். சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியட்டினின் பார்க்காமல். வெட்கமாக இருக்கிறது. இனிப் பார்ப்பேன்.

எல்லோருக்கும் நன்றி. எம்டி முதல் பகுதிக்குப் படிப்பது என்று ஏறக்குறைய முடிவு, எம்ஆர்சிஎஸ் முதல் பகுதியைக் காசு சேர்ந்தால் கூடவே எழுதுகிறேன். ஆனால் எக்ஸ்ரே விடயம் ஒருவரும் சொல்லவில்லையே. அதோடு இப்போது, இந்த வைத்தியசாலையில் இருந்துகொண்டே, நான் என்ன செய்யலாம்? இங்கே வஸ்குலர் யூனிட் கிடையாது, ஒரு சின்ன டொப்ளர் மட்டும் அலுமாரிக்குள் இருக்கிறது.

கத்தரிக்கோல்:

நான் சேர்ஜன், பெண், இரண்டு பிள்ளைகள். உங்கள் பட்ச் பெடியனுக்கு என் வாழ்த்துக்கள்.

கதிர்வீச்சு விளையாட்டில்லை, ஆனால் கணக்கு உள்ள விடயம். அரை மில்லிமீற்றர் ஈய ஏப்ரன், தைரொயிட் கொலர், டோசிமீற்றர் (உடம்பில் விழும் கதிர்வீச்சை அளக்கும் பட்ஜ்). கர்ப்பம் என்று தெரிவித்த பிறகு வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குப் போகக்கூடிய அளவை 1 மில்லிகிரேக்குள் வைக்க வேண்டும் என்பது சர்வதேசப் பரிந்துரை. அதற்காக இடுப்பில் ஏப்ரனுக்கு உள்ளே இன்னொரு பட்ஜ் கட்டுவார்கள். தூரம் இரட்டித்தால் அளவு கால்வாசி, ஆகவே படம் ஓடும்போது இரண்டு அடி பின்னால் போய் நிற்பதே பாதி மருந்து. நான் முதல் பிள்ளையின்போது திறந்த சத்திரசிகிச்சைப் பட்டியலை அதிகம் எடுத்துக்கொண்டேன், இரண்டாவதின்போது அவ்வளவு யோசிக்கவில்லை, பட்ஜ் ஒவ்வொரு மாதமும் எந்த அளவும் காட்டாமல் வந்தது. எனக்கு முதுகுவலிதான் வந்தது, ஏப்ரனின் பாரம். அது பெடியளுக்கும் வரும்.

எந்த நாடு என்பதற்கு மேலே நன்றாகச் சொல்லிவிட்டார்கள், நான் ஒன்று சேர்க்கிறேன். இங்கிலாந்தில் ஆண்களை 65 வயதில் கூப்பிட்டு வயிற்றில் பெருநாடி வீங்கியிருக்கிறதா என்று ஸ்கான் செய்கிறார்கள், அதனால் அந்தச் சத்திரசிகிச்சையைத் திட்டமிட்டு வடிவாகப் பழகலாம். ஆனால் ஊருக்குத் திரும்பி வந்தால் உங்கள் கிளினிக் வரிசையில் இருப்பது சலரோகப் புண், பிஸ்டுலா, மோட்டார் சைக்கிள், அதோடு சுருட்டு. சுருட்டும் பீடியும் இழுத்து நாற்பது வயதுக்குள்ளேயே விரல் கறுத்து வருகிற ஆட்கள், பேர்கர் நோய். அவர்களில் பலருக்கு பைபாஸ் கொண்டுபோய்த் தைக்க நல்ல நாடியே கீழே இருக்காது, புகையை விடுவதைவிடப் பெரிய மருந்து இல்லை. விடாவிட்டால் முதலில் விரலைக் கழற்றுவோம், பிறகு பாதத்தை. ஆகவே ஃபெலோஷிப் இடத்துக்கு எழுதும்போது முழங்காலுக்குக் கீழே பலூனால் நாடி விரிப்பது எத்தனை செய்கிறீர்கள், டயலிசிஸ் வேலை எவ்வளவு, டூப்ளெக்ஸ் (குருதி ஓட்டத்தைக் காட்டும்) ஸ்கானை நானே செய்து பழகலாமா என்று கேளுங்கள். பெரிய பெயர் உள்ள இடம் பெருநாடியை மட்டுமே காட்டி அனுப்பிவிடும்.

இப்போது என்ன செய்யலாம்? அந்த அலுமாரி டொப்ளரை வெளியே எடுங்கள். கணுக்காலில் பிரஷர் கஃப் கட்டி அங்குள்ள அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண் 0.9க்குக் கீழே என்றால் நாடி ஒடுங்கியிருக்கிறது. சலரோகக்காரருக்கு 1.3க்கு மேல் வந்தால் சந்தோஷப்படாதீர்கள், நாடிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கஃப்பால் அமுக்க முடியாமல் வரும் பொய் எண் அது, பெருவிரல் அழுத்தம் பார்க்க வேண்டும். நூறு பேருக்குச் செய்யுங்கள், காது பழகிவிடும்.

அதோடு உங்களிடம் எங்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. நாடி அறுந்த காலுக்கு ஆறு மணித்தியாலத்துக்குள் இரத்தம் திரும்ப ஓட வேண்டும் என்று நாம் படித்ததுதான், ஆனால் உங்கள் இடத்திலிருந்து ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் வந்து தியேட்டருக்குள் போகும் வரைக்கும் அந்த ஆறில் எத்தனை வீணாகிறது, எந்த இடத்தில் வீணாகிறது? அம்புலன்ஸிலா, எக்ஸ்ரேக்குக் காத்திருந்தா, துடிப்பைத் தொட்டுப் பார்க்கவே பிந்தியதா? மருத்துவ பீடத்து ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி எடுத்து ஒரு வருடம் எழுதி வைத்தால் அது ஆய்வுக் கட்டுரை. அமெரிக்க வஸ்குலர் சங்கத்துக்குச் சர்வதேசப் புலமைப்பரிசில் ஒன்று இருக்கிறது, ஐரோப்பியச் சங்கத்தின் பயிற்சிப் பட்டறைகளும் இருக்கின்றன, பின்னாளில் அவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட உங்கள் கையில் சொந்தமாக ஒன்று இருக்கும்.

தையலுக்குச் சந்தையில் கோழித் தொடை வாங்குங்கள், உள்ளே ஒரு நாடி இருக்கும், காலாவதியான 6-0 புரோலீன் நூல் தியேட்டரில் கேட்டால் தருவார்கள். எங்கள் வீட்டில் நான் தைத்த தொடையைப் பிறகு கறி வைத்துவிட்டு நூலை எடுக்க மறந்து, அவருடைய பல்லில் மாட்டியது.

லண்டன் குளிர்:

நூல் கரையாது என்றாவது சொன்னீர்களா அக்கா.

சங்குப்பூ:

அக்கா, மிக்க நன்றி. டொப்ளரை எடுத்துப் பார்த்தேன். பற்றரி வேலை செய்கிறது, ஜெல் இல்லை. ஸ்டோர்ஸில் எழுதிக் கொடுத்திருக்கிறேன், திங்கட்கிழமை வருமாம்.